மண்டபத்துக்கு முதல் முன்பணம், கோயிலுக்குக் கடைசிப் போன்: குமரி மாவட்டப் பங்குப் பேரவைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்குத்தந்தையர்களுக்கும், பங்கு அருட்பணிப் பேரவையில் துணைத்தலைவர், செயலர், பொருளாளர் என்று பொறுப்பில் இருக்கிற அண்ணன்மார் அக்காமாருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாணத்துக்குக் கோயில் தரப்பில் என்னென்ன வேண்டும் என்பதை, கேட்டு வருகிறவர்களுக்கு முதல் நாளிலேயே ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளில், குடும்பங்கள் கோயிலுக்குக் கட்டுகிற வரியின் பாக்கியைச் சேர்க்காதீர்கள். ஏன் என்பதற்குத்தான் மீதி மடல்.

என் தங்கை கல்யாணத்துக்கான ஓட்டம் முழுக்க என் தலையில் விழுந்தது. அப்பாவுக்கு நடக்க முடியாது, தம்பி கப்பலில். நாங்கள் குழித்துறை மறைமாவட்டத்தில் (ஓர் ஆயரின் ஆட்சிக்குட்பட்ட பகுதி) உள்நாட்டுப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகம்) ஒன்றைச் சேர்ந்தவர்கள், மாப்பிள்ளை வீட்டார் கோட்டாறு மறைமாவட்டத்தில் கடற்கரைப் பங்கு. 2014 டிசம்பர் வரை இவை இரண்டும் ஒரே கோட்டாறு மறைமாவட்டமாக இருந்ததுதான். இப்போது இந்தச் சின்ன மாவட்டத்துக்குள் இலத்தீன் முறையில் கோட்டாறு, குழித்துறை, கீழைமுறைத் திருச்சபைகளான சீரோ மலபாரில் தக்கலை, சீரோ மலங்கரையில் மார்த்தாண்டம், போதாததற்குத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்கள் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டம் என்று ஐந்து ஆட்சிகள். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பஸ் ஏறி இறங்குவதற்குள் மறைமாவட்டம் மாறிவிடும், படிவம் மாறிவிடும், காணிக்கை மாறிவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு கலந்து கிடக்கிற இடத்தில், இரண்டு வேறு பங்குகளுக்கு இடையே கல்யாணம் நடப்பதே இங்கே வழக்கமாக இருக்கும்போது, ஒவ்வொரு குடும்பமும் ஏன் முதல்முறையாகக் காட்டுக்குள் வழி வெட்டுகிற மாதிரி அலைய வேண்டும்?

முதலில் திருமுழுக்குச் (ஞானஸ்நானச்) சான்றிதழ் கேட்டார்கள். வீட்டில் பத்திரமாக வைத்திருந்ததைக் கொண்டுபோனால், இது பழசு, புதுசு வாங்கி வாங்க என்றார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. காரணம் என்னவோ நல்ல காரணம்தான். ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அதை அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் ஏட்டிலும் குறிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1122 சொல்கிறது. ஆகவே இன்றைக்கு ஏட்டைத் திறந்து பார்த்து எழுதின சான்றிதழில்தான் இந்த ஆளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கிறதா என்பது தெரியும். குழந்தையாக இருந்தபோது எழுதின தாளில் அது எப்படித் தெரியும்? ஒரு வாக்கியத்தில் சொல்லக்கூடிய விஷயம். சொல்லியிருந்தால் அம்மை அந்த அலுவலக வாசலில் நின்று, "நாங்க என்ன கள்ளத்தனமா செய்யப் போறோம்" என்று கண் கலங்கியிருக்க மாட்டாள்.

அதிலும் ஒரு நம்மூர்ச் சிக்கல் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அவள் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதும், பிள்ளைக்கு அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுத் திரும்புவதும் நிறைய வீடுகளில் வழக்கம். அப்படிப் பார்த்தால் குமரி மாவட்டத்து மூத்த பிள்ளைகளில் பல பேருடைய சான்றிதழ் அம்மாவின் ஊரில்தான் இருக்கும், அந்த ஊர் பங்காகப் பிரிந்திருந்தால் ஏடு இன்னொரு கோயிலில் இருக்கும். என் தங்கை கடைக்குட்டி, என்றாலும் அவளும் அம்மையின் ஊரில்தான் பிறந்தாள். முதல் நாளே தாளில் "திருமுழுக்கு எந்தக் கோயிலில் நடந்தது என்று பெரியவர்களிடம் விசாரித்து வாருங்கள்" என்று ஒரு வரி இருந்தால் போதும்.

அப்புறம் உறுதிப்பூசுதல் விவரம். அப்புறம் திருமணத் தயாரிப்புப் பயிற்சிச் சான்றிதழ். அப்புறம் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், அதை இரண்டு பங்கிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளையின் பங்கிலிருந்து தடையில்லை என்ற கடிதம் வர வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமானது. ஒவ்வொன்றும் முந்தினது முடிந்த பிறகுதான் நம் காதுக்கு வருகிறது, அதுதான் பிரச்சினை. வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வருகிற பையனுக்கு மூன்று ஞாயிறு என்பது லீவின் முக்கால் பங்கு. அவன் ஊருக்கு வருவதற்கு முன்பே ஓலை வாசிக்கலாம், மிகவும் நெருக்கடியானால் ஆயரிடம் விலக்கும் கேட்கலாம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? மாமன் மகள், அத்தை மகன் என்று முறை பார்த்துச் செய்கிறவர்களுக்கு இன்னும் மோசம். உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்கு இடையிலான திருமணம் திருச்சபைச் சட்டப்படி இரத்த உறவுத் தடைக்குள் வரும், ஆயரின் விலக்கு வேண்டும். நம் சமூகத்தில் அதுதான் முறை, சட்டத்தில் அதுதான் தடை. அழைப்பிதழ் அச்சடித்த பிறகு இது தெரியவந்தால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேதிக்கு வருகிறேன். தவக்காலத்தில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. எனவே கிறிஸ்துமஸ் முடிந்து, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வரைக்கும் உள்ள நாட்களிலும், உயிர்ப்புக்கு (ஈஸ்டருக்கு) பிறகு ஏப்ரல், மே மாதங்களிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டி மோதுகிறோம். 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10-ஆம் தேதியே வந்துவிடுகிறது, உயிர்ப்பு மார்ச் 28. தை மாதக் கல்யாணங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நாள்தான். இது தெரிந்த மண்டபக்காரர்கள் மாதக்கணக்கில் முன்னாடியே முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். ஆகவே நடப்பது என்னவென்றால், மண்டபம் தேதியைத் தீர்மானிக்கிறது, சமையல்காரர் நேரத்தைத் தீர்மானிக்கிறார், போட்டோகிராபர் வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறார், எல்லாம் முடிந்து கடைசியில் கோயிலுக்கு ஒரு போன். "ஃபாதர், பதினொன்றரைக்குப் பூசையை முடிச்சுத் தந்திடுவீங்கல்லா?" (ராகுகாலம் கழிந்துதான் தாலி கட்ட வேண்டும் என்று நேரம் கேட்கிற கத்தோலிக்கரும் நம்மிடம் உண்டு, அவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் வேறு பக்கம் போய்விடும்.)

இதில் குடும்பங்கள் மீது பழி போடுவது எளிது. ஞாயிறு பூசையில் நீங்களும் நிறையத் திட்டுகிறீர்கள். ஆனால் கோயிலின் தேதிப் புத்தகத்தை யாராவது காட்டினால்தானே நாங்கள் முதலில் கோயிலுக்கு வருவோம்? எந்தெந்த நாளில் ஏற்கெனவே திருமணம் இருக்கிறது, எந்த நாள் திருவிழாக் கொடியேற்றம், எந்த வாரம் பங்குத்தந்தை ஊரில் இல்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். சொந்தமாகச் சமூகநலக்கூடம் வைத்திருக்கிற பங்குகள் இங்கே நிறைய. கூடத்துக்கு முன்பதிவு செய்ய வருகிறவரிடம், கோயிலில் தேதி வாங்கினீர்களா என்று கேட்க அங்கே உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒரு நிமிடம் ஆகுமா?

இனி பணம். இதை எழுதத்தான் எனக்குத் தயக்கம், இதை எழுதத்தான் இந்த மடல்.

எங்கள் ஓலை எழுதப் போன அன்று, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் வரி நோட்டை எடுத்து வைத்தார். "பாக்கி நிக்குது மக்களே, அதை முடிச்சிட்டு வாங்க, பேப்பர் தாறோம்." மரியாதையாகத்தான் சொன்னார், அவரைக் குறை சொல்லவில்லை. அப்பா படுத்த பிறகு வரி கட்டவில்லை என்பது உண்மை. கோயில் கட்டட நிதியிலும் பாக்கி. அதோடு திருமணத்துக்கென்று தனியாக ஒரு தொகை, மின்சாரத்துக்கு ஒன்று, பாடகர் குழுவுக்கு ஒன்று, இளைஞர் இயக்கத்துக்கு ஒன்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர்கள் பங்கில் இன்னொரு பட்டியல். கட்டினோம். எங்களால் முடிந்தது. சீட்டுப் பிடித்தோ கழுத்தில் கிடப்பதை அடகு வைத்தோதான் கட்ட முடியும் என்கிற வீடு எங்கள் அன்பியத்திலேயே (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார்கள், அப்புறம் நாம் அவர்களை நற்கருணை வாங்காதவர்கள் என்று விரல் நீட்டுகிறோம்.

திருச்சபைச் சட்டம் 1058, சட்டம் தடுக்காத எவரும் திருமணம் செய்துகொள்ளலாம் என்கிறது. தடுக்கிறவை எவை என்று 1083 முதல் 1094 வரை எழுதி வைத்திருக்கிறது: வயது, ஏற்கெனவே உள்ள திருமணம், குருத்துவம், துறவற வார்த்தைப்பாடு, இரத்த உறவு என்று மொத்தம் 12 தடைகள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அதில் வரி பாக்கி இல்லை. 848-ஆம் சட்டம் இன்னும் நேராகப் பேசுகிறது. உரிய அதிகாரம் நிர்ணயித்த காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது, வறுமையின் காரணமாக எளியவர்களுக்கு அருளடையாளத்தின் (திருமுழுக்கு, திருமணம் போன்ற புனிதச் சடங்கின்) உதவி கிடைக்காமல் போய்விடாதபடி எப்போதும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2020 ஜூலையில் வத்திக்கானின் குருக்களுக்கான பேராயம் பங்குகளைப் பற்றி வெளியிட்ட அறிவுரையிலும், காணிக்கை என்பது கொடுப்பவரின் மனச்சான்றுக்கு விட்டுவிட வேண்டிய சுதந்திரமான செயல், அருளடையாளத்துக்கு விதிக்கிற வரி போல அதை ஆக்கிவிடக் கூடாது என்று இருக்கிறது.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். "கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும்தான் மக்கள் கோயிலைத் தேடி வருவாங்க, அப்ப பிடிக்காட்டி எப்பப் பிடிக்கிறது? பெயிண்ட் அடிக்க, கரண்ட் பில் கட்ட, கோயில்பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வானத்திலிருந்தா வரும்?" நியாயம். திருச்சபையின் தேவைகளுக்கு உதவ வேண்டியது எங்கள் கடமை என்று அதே சட்டப் புத்தகம் 222-இல் சொல்கிறது, அதையும் படித்தேன். வாங்குங்கள். அன்பியக் கூட்டத்தில் பேசி வாங்குங்கள், மாதாமாதம் வீட்டுக்கு வந்து வாங்குங்கள், முடியாதவர்களுக்குத் தவணை கொடுங்கள், முழுதாகத் தள்ளிவிட வேண்டிய வீடு எது என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். வாங்கினதற்கெல்லாம் ரசீது கொடுங்கள். ஓலையையும் தடையில்லாச் சான்றையும் பிடித்து வைத்துக்கொண்டு வாங்காதீர்கள். கோட்டாறில் அடங்கியிருக்கிற புனித தேவசகாயம் மனைவியோடு குடும்பம் நடத்தின இல்லறத்தார். 2022 மே 15-ஆம் தேதி அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் ஊரெல்லாம் வெடி போட்டோம். அவர் பெயரில் விழா எடுக்கிற மாவட்டத்தில் ஒரு பையனும் பெண்ணும் இல்லறத்தில் நுழைவதற்குப் பாக்கிப் பட்டியலைத் தாண்டிப் போக வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இவ்வளவு காகிதத்துக்கும் பணத்துக்கும் அலைந்து முடித்த பிறகு பூசையைப் பற்றி யோசிக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்பத்தைப் பற்றி எழுதின திருத்தூது ஊக்கவுரையின் 212-ஆம் பத்தியில் இதைத்தான் சொல்கிறார். அழைப்பு, உடை, விருந்து என்று பணமும் தெம்பும் மகிழ்ச்சியும் கரைந்து, மணமக்கள் திருமணத்துக்கே களைத்துப்போய் வந்து சேர்கிறார்கள் என்று. தோவாளையில் பிச்சி என்ன விலை, பாயாசம் அடையா பாலா, அவியலுக்குக் காய் வெட்ட எத்தனை பேர் என்பதையெல்லாம் நாங்கள் மணிக்கணக்கில் பேசினோம். வாசகம் எது என்று கேட்டதற்கு அலுவலகத்தில் கிடைத்த பதில், "அது எப்பவும் உள்ளதுதான்".

எப்போதும் உள்ளது ஏன்? திருமணச் சடங்கு நூலில் வாசகங்களின் பெரிய தொகுப்பே இருக்கிறது. தொடக்கநூலிலிருந்து ஆதாம் ஏவாள், தோபித்தில் தோபியாவும் சாராவும் முதலிரவில் எழுந்து நின்று செபிக்கிற இடம், எபேசியர், கானாவூர்க் கல்யாணம். திருமணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிற வாசகம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. எல்லாருக்கும் பிடித்த 1 கொரிந்தியர் 13, அன்பு பொறுமையுள்ளது என்கிற பகுதி, அழகானதுதான், ஆனால் அந்தக் கணக்கில் வராது. அதோடு இன்னொன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொகுப்பை நகல் எடுத்து அந்தத் தாளோடு சேர்த்துக் கொடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அதுவே பாதித் தயாரிப்பு.

வாக்குறுதியும் அப்படித்தான். நம் இலத்தீன் முறையில் இந்த அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்குகிறவர்கள் மணமக்கள்தான், குருவானவர் திருச்சபையின் பெயரால் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு ஏற்றுக்கொள்கிறார். (தக்கலை, மார்த்தாண்டம் மறைமாவட்டங்களின் கீழைமுறையில் குருவின் ஆசீர் இன்றியமையாதது, அது வேறு மரபு.) சுதந்திரமாக வந்திருக்கிறீர்களா, ஒருவரையொருவர் அன்பு செய்து மதித்து வாழ்நாளெல்லாம் பிரமாணிக்கமாக இருப்பீர்களா, பிள்ளைகளை ஏற்று வளர்ப்பீர்களா என்று முன்னால் மூன்று கேள்வி வரும். இந்தக் கேள்விகளை முதல்முறையாகப் பீடத்துக்கு முன்னால்தான் கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தாலி மந்திரிக்கும்போது கேமரா பிடிக்க எங்கே நிற்பது என்று ஒத்திகை பார்க்கிறோம், இந்தக் கேள்விக்கு ஒத்திகை இல்லை. எழுந்தேற்ற நேரத்தில் (குருவானவர் அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்திக் காட்டும்போது) பீடத்துக்குப் பக்கத்தில் டிரோன் பறக்கிறது. கேமராக்காரர் எதுவரை வரலாம், எப்போது அசையக் கூடாது என்று அந்தத் தாளில் இரண்டு வரி போடுங்கள், முன்பணம் வாங்கும்போதே அவருக்கும் தெரிந்துவிடும். பூசை நடுவில் கையைக் காட்டித் துரத்துகிற அவமானம் இருவருக்கும் வேண்டாம்.

பயிற்சியைப் பற்றி ஒன்று மட்டும். இல்லறத்தைப் பற்றிப் பேச இல்லறத்தாரை அழையுங்கள். கடலுக்குப் போய் வாரக்கணக்கில் வராத கணவனோடு இருபது வருடம் குடும்பம் நடத்தின ஒரு அக்காவும், வெளிநாட்டு வேலையில் பாதி வயதைக் கழித்த ஒரு அண்ணனும் அரை மணி நேரம் பேசினால் போதும். சீதனமாக இத்தனை பவுன் என்று பேசி முடித்த கல்யாணங்களை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சே எடுக்காமல் பயிற்சி முடிகிறது, அதையும் அவர்கள் எடுப்பார்கள்.

சிஎஸ்ஐ சபையிலோ இந்துக் குடும்பத்திலோ சம்பந்தம் செய்கிறவர்கள் நம் மாவட்டத்தில் குறைவா? அவர்களிடம் முதல் வார்த்தையாக "மாறச் சொல்லுங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். திருமுழுக்குப் பெற்ற பிற சபையினர் என்றால் ஆயரின் அனுமதி, திருமுழுக்குப் பெறாதவர் என்றால் ஆயரின் விலக்கு, இதுதான் சட்டம். கத்தோலிக்கர் தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு கொடுக்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டும், மற்றவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். மதம் மாறுவது நிபந்தனை இல்லை. இதையும் தாளில் போட்டால், கோயில் படியிலேயே திரும்பிப் போகிற சிலர் உள்ளே வருவார்கள்.

கடைசியாகப் பெயர். ஞானஸ்நான ஏட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு எழுத்து. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி கோயிலில் நடந்த கல்யாணத்தையும் 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். கோயில் சான்றிதழில் பெயர் பொருந்தாவிட்டால் விசாவுக்கு அலைகிற பிள்ளைகள் திரும்ப உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். திருமண ஏட்டில் எழுதும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாளின் வரைவை எழுதி எங்கள் பங்கு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், இரண்டு பக்கம் வருகிறது. எதுவும் தப்பாக இருந்தால் அடித்துத் திருத்துங்கள். காணிக்கை என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், மறைமாவட்டம் நிர்ணயித்த தொகையை அங்கே நீங்களே எழுதுங்கள், அதற்குக் கீழே "இயலாதவர்கள் பங்குத்தந்தையிடம் தனியாகப் பேசலாம்" என்ற வரியை மட்டும் அடிக்காதீர்கள். தை மாதக் கல்யாணங்களுக்குத் தேதி கேட்டு வருகிறவர்கள் கையில் அது கிடைக்க வேண்டுமானால் அடுத்த பேரவைக் கூட்டத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பங்குகளில் ஒன்றைச் சேர்ந்த, ஒரு மணப்பெண்ணின் அக்கா